என்எச்எல் இளம் வீரரின் அடுத்த ஒப்பந்தத்தை எப்படிக் கணிக்கிறார்கள்?

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகான என்எச்எல்லில், 18 முதல் 21 வயதுக்குள் கையெழுத்திடுபவருக்கு முதல் ஒப்பந்தம் 3 ஆண்டு. அதில் சம்பளத்துக்கு உச்சவரம்பும் உண்டு. அடுத்ததைக் கணிப்பது, வீடு விற்குமுன் பக்கத்தில் அதே மாதிரி வீடு என்ன விலைக்குப் போனது என்று விசாரிப்பது போலத்தான். அதே வயதில், ஏறக்குறைய அதே கோல் கணக்கோடு இருந்தவர் என்ன வாங்கினார் என்று பார்க்கிறார்கள்.

ஆனால் டாலரை அப்படியே ஒப்பிடக் கூடாது. அணியின் மொத்தச் சம்பள வரம்பில் எத்தனை சதவீதம் என்பதுதான் சரியான அளவு. நட்சத்திர வீரர் கானர் மெக்டேவிட் 2017இல் ஒப்புக்கொண்டது ஆண்டுக்கு 1.25 கோடி டாலர். அது தொடங்கிய 2018-19இல் வரம்பு 7.95 கோடி, அதாவது 15.7 சதவீதம். 2025-26இல் வரம்பு 9.55 கோடி, அந்த ஆண்டில் அதே சதவீதம் ஏறக்குறைய 1.5 கோடி!

முதல் ஒப்பந்தம் முடிந்ததும் வீரர் இஷ்டப்பட்ட அணிக்குப் போய்விடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும், வேறு அணி தரும் தொகையைத் தானே கொடுத்து அவரைத் தக்கவைக்கும் உரிமை பழைய அணிக்கு இருக்கிறது.