இலங்கையின் மலையகப் பெண்கள் பதவி உயர்வில் ‘ஸ்பொன்சர்ஷிப்’ என்றால் என்ன? பயிற்சி மட்டும் போதாதா?

பதவியை முடிவு செய்யும் கூட்டத்தில் நீங்கள் இருக்கமாட்டீர்கள். அங்கே செல்வாக்குள்ள ஒருவர் உங்கள் பெயரைச் சொல்லி, “இவர் செய்வார், நான் பொறுப்பு” என்பதுதான் ஸ்பொன்சர்ஷிப். வங்கிக் கடனுக்குப் பிணை நிற்பது மாதிரி.

பயிற்சி அவசியம்தான். ஆனால் உயர்வு பெரும்பாலும் அறிமுகத்தால் வருகிறது. 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் தோட்டங்களில் வாழ்ந்த மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது. குடியுரிமையின்றி மிச்சமிருந்தவர்களுக்கு அது கிடைத்தது 2003இல். அரச வேலைக்கும் குடியுரிமை வேண்டும். அப்புறம் எந்த மாமா, எந்த அக்கா அலுவலகத்தில் இருந்து கைகொடுப்பார்?

தேயிலைத் தோட்டத்தையே பாருங்கள். கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நிறுக்கும் இடத்தில் தராசைப் பார்த்துக் கணக்கு எழுதுபவரோ, மலையில் வேலை வாங்கும் கங்காணியோ அநேகமாக ஆண். வேலை தெரிந்தவர் ஒரு பக்கம், அதிகாரம் மறுபக்கம். இது எனக்குப் பொறுக்கவில்லை. அரசியலிலும் பெயர் சொல்ல ஆள் வேண்டும்: 2024இல் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் நாடாளுமன்றம் போனது கட்சி வேட்பாளர் பட்டியலில் இடம் கொடுத்ததால்தான். வாக்கு அதன் பிறகே.

ஸ்பொன்சர்ஷிப் என்றால் “தகுதியில்லாதவரைத் தூக்கிவிடுவது” என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை, தகுதி ஏற்கெனவே இருக்கிறது; அதை மேலே யாரும் எடுத்துச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.