கருவாடு தின்ற உடம்பு

அன்புள்ள ஐயா,

காசிமேட்டில் வலை பின்னுகிறேன். போன வருஷம் என் நைனாவுக்கு டெங்கு வந்து பத்து நாள் படுத்து எழுந்தார். இந்த மழைக்குக் கொசுவலை வாங்கிக் கொடுத்தேன், மடித்துப் பரண்மேல் போட்டுவிட்டார். "அம்மை மாதிரிதான், ஒருவாட்டி வந்தா அப்புறம் வராது. கருவாடு தின்னு வளந்த உடம்புடா இது" என்கிறார். உண்மையா?

ஒரு வாசகர், காசிமேடு

அன்புள்ள நண்பருக்கு,

அம்மை விஷயத்தில் நைனா சொல்வது சரி. எனக்கு எட்டு வயதில் ராயபுரத்து வீட்டில் சின்னம்மை போட்டது. தம்பியை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆயா மட்டும் என் பாயோரம் உட்கார்ந்து வேப்பங்கொத்தால் வருடிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு ஒட்டவில்லை, சின்ன வயசிலேயே வந்து போயிருந்தது.

நெத்திலிக்கு ஒரு கண்ணி, வஞ்சிரத்துக்கு ஒரு கண்ணி என்று வலை பின்னுகிறீர்கள் இல்லையா? ரத்தத்தில் கிருமியோடு போராடுகிற பி, டி என்ற வெள்ளை அணு செல்களும் அப்படித்தான். ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட வடிவத்தைத்தான் பிடிக்கும். வேடிக்கை என்னவென்றால், எந்த மீன் வரும் என்று தெரியாமலே உடம்பு கோடிக்கணக்கில் விதவிதமாகப் பின்னி வைத்திருக்கிறது. கிருமி நுழைந்ததும் அதற்குப் பொருந்துகிற செல் பெருகத் தொடங்கும். படை திரள ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும், நாம் படுத்துக் கிடப்பது அப்போதுதான். வேலை முடிந்ததும் பெரும்பாலானவை செத்துப்போகும், கொஞ்சம் மட்டும் நினைவு செல்களாகத் தங்கும். அதே கிருமி திரும்ப வந்தால் சில நாளிலேயே சமாளித்துவிடும்.

இந்த நினைவு எத்தனை வருஷம் நிற்கும்? 1846இல் ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவியபோது பீட்டர் பானும் என்ற டென்மார்க் மருத்துவர் போய்ப் பார்த்தார். அங்கே அதற்குமுன் தட்டம்மை வந்தது 1781இல். அப்போது கண்டிருந்த கிழவர்களில் ஒருவருக்குக்கூட மறுபடி வரவில்லை. 65 வருஷம்!

சின்னம்மைக் கிருமியோ உடம்பை விட்டுப் போவதே இல்லை, நரம்பில் பதுங்கிக் கிடக்கும். வயதாகிக் காவல் தளர்ந்தால் அக்கியாக எழும். ஆயாவுக்கு எழுபதைத் தாண்டி விலாவில் வந்தது. குயவர் ஒருவரைக் கூட்டிவந்து காவியால் எழுதச் சொன்னாள்.

நைனா கணக்கு தப்புவது டெங்குவில். அது நாலு வகை. வந்து போன வகைக்கு எதிராக நீண்டகாலக் காப்பு உண்டு. மற்ற மூன்றுக்குச் சில மாதம்தான். அப்புறம் வேறு வகை நுழைந்தால், முதல் வகையைப் பிடிக்க பி செல்கள் செய்துவைத்த பழைய எதிர்ப்புப் புரதம் அதன்மேல் ஒட்டும், ஆனால் முடக்காது. போதாக்குறைக்கு, கிருமியை அது தொற்றுகிற செல்லுக்குள்ளேயே கொண்டுபோய் விட்டுவிடும். அதனால் இரண்டாம் டெங்குவில்தான் ரத்தக்கசிவு, ரத்த அழுத்தம் விழுகிற அதிர்ச்சி நிலை வரை போகிற ஆபத்து அதிகம்.

கருவாட்டில் புரதம் உண்டு, தாராளமாகச் சாப்பிடட்டும். அது எந்தக் கிருமியின் வடிவத்தையும் செல்களுக்குச் சொல்லித்தராது. 'எதிர்ப்பு சக்தி' என்று டப்பாவில் விற்கிற பொடிக்கும் இதே பதில்தான்.

டெங்கு கொசு பகலில்தான் அதிகம் கடிக்கும். நைனா மத்தியானம் கண்ணயரும்போதும் வலை கட்டுங்கள். லாரித் தண்ணி பிடித்துவைக்கிற டிரம்மை வாரம் ஒருமுறை கவிழ்த்து, உள்சுவரை பிரஷ் போட்டுத் தேய்த்துவிடுங்கள். காய்ந்த முட்டை மாதக்கணக்கில் அதில் ஒட்டிக்கிடக்கும்.