சிலுவையின் செலவை யார் கட்டுவது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, நான் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஞானஸ்நானம் எடுத்த பிறகு, போலி பில்களுக்குக் கையெழுத்துப் போடுவதை நிறுத்திவிட்டேன். மேலாளர் திட்டவில்லை. ஆனால் எனக்குப் பின்னால் சேர்ந்தவருக்குப் பதவி உயர்வு போய்விட்டது. சக ஊழியர்கள் முன்போல் பேசுவதில்லை. “இந்தச் சின்ன விஷயத்துக்கு இவ்வளவு விலையா?” என்று மனைவி கேட்கிறாள். கர்த்தருக்காகத்தானே செய்தேன், பிறகு ஏன் வழி அடைபடுகிறது?

பதில்: தம்பி, ஊழியத்துக்கு வருவதற்கு முன் நானும் தணிக்கை வேலை பார்த்தவன். போலி பில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வெவ்வேறு மாதங்களின் தேதி போட்டிருக்கும். ஆனால் பில் எண்கள் மட்டும் ஒரே புத்தகத்திலிருந்து கிழித்தது போல அடுத்தடுத்து வரும். கையெழுத்துப் போடுகிறவருக்கும் அது தெரியும், வாங்கிக்கொள்கிறவருக்கும் தெரியும். அதனால் ‘சின்ன விஷயம்’ என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்கள் மனைவி கேட்ட கேள்வி வேறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

நேர்மையாக இருந்தால் கர்த்தர் பதவியை உயர்த்துவார் என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். இயேசு அப்படிச் சொல்லவில்லை. லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் திரளான ஜனங்கள் பின்னால் வருகிறார்கள். எந்தத் தலைவனும் சந்தோஷப்படுகிற நேரம் அது. அவரோ திரும்பிப் பார்த்து, கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் ‘உட்கார்ந்து செல்லுஞ்செலவைக்’ கணக்குப் பார்க்க வேண்டாமா என்று கேட்கிறார். பன்னிரண்டு சீஷர்களைத் தனியே அழைத்து அதைச் சொல்லவில்லை, கூட்டத்துக்கே சொல்கிறார். வழி அடைபடவில்லை தம்பி, முன்பே காட்டிய கணக்கில் ஒரு வரிதான் இப்போது வந்திருக்கிறது.

ஜான் வூல்மன் என்று ஒருவர் இருந்தார். 1720-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பிறந்தவர், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். இருபதுகளில் ஒரு கடையில் எழுத்தராக இருந்தபோது, ஓர் அடிமைப் பெண்ணை விற்பதற்கான பத்திரத்தை எழுதச் சொன்னார் முதலாளி. மனம் உறுத்த, எழுதிக் கொடுத்தார். இது கிறிஸ்தவத்துக்குப் பொருந்தாது என்று விற்பவரிடமும் வாங்குபவரிடமும் சொன்னார், ஆனாலும் எழுதிவிட்டார். அடுத்தமுறை வேறொருவர் அதேபோல் கேட்டபோது மறுத்தார். பிறகு, அடிமைகளைப் பிள்ளைகளுக்குச் சொத்தாகப் பிரிக்கிற உயில்களையும் எழுத மறுத்தார். எழுத்துக்கூலி போயிற்று, கேட்டு வந்தவர்களின் மனமும் கசந்தது. அவரை யாரும் சிறையில் போடவில்லை. பேனாவைக் கீழே வைத்தார், அவ்வளவுதான். 1772-இல் அவர் இறந்தார். நான்கு வருஷம் கழித்து, 1776-இல், பிலடெல்பியா குவேக்கர் சபை அடிமை வைத்திருப்பதைத் தன் உறுப்பினர்களுக்குத் தடைசெய்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

இனி, கொஞ்சம் கசப்பான கேள்வி. சக ஊழியர்கள் ஒதுங்குவது நீங்கள் மறுத்ததாலா, மறுத்த விதத்தாலா? ‘அந்நிய காரியங்களில்’ தலையிட்டுப் பாடுபடக் கூடாது என்று பேதுரு எழுதுகிறார் (1 பேதுரு 4:15). எந்த வரிசையில் வைத்து என்று பாருங்கள்: கொலைபாதகன், திருடன், பொல்லாங்கு செய்தவன், அப்புறம் மூக்கை நுழைக்கிறவன்! சபைகளில் நாம் அதிகம் வாசிக்காத வசனம் இது. “இதற்கு ஆதாரம் இல்லை, நான் கையெழுத்துப் போட முடியாது” என்று எழுத்தில் கொடுங்கள், அது போதும். கூடவே ஒரு பிரசங்கம் வேண்டாம். மறுநாள் அதே மேலாளரின் நியாயமான வேலையை மற்றவர்களைவிடச் சீக்கிரமாக முடித்துக் கொடுங்கள்.

சரி, மனைவி. வராமல் போன சம்பள உயர்வில் பாதி அவர்களுடையது. அதைக் கட்டச் சொல்லி அவர்களிடம் நீங்கள் கேட்கவே இல்லை என்று உங்கள் கடிதமே காட்டுகிறது. இருவரும் உட்காருங்கள். எந்தச் செலவைத் தள்ளிப்போடலாம், வேலையே போனால் எத்தனை மாதம் தாங்கும் என்று தாளில் எழுதுங்கள். கையெழுத்துப் போடாதது உங்கள் முடிவு, அதில் மாற்றம் வேண்டாம். ஆனால் அதைத் தாங்குவது இரண்டு பேர்.

கேள்வி: என் கணவர் எல்லா மாலையும் சபை வேலை என்று போய்விடுகிறார். பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் வருகிறார். படுக்கையில் இருக்கும் மாமியாரை நான்தான் பார்க்கிறேன். ஏதாவது சொன்னால், “ஆண்டவருடைய வேலையைத் தடுக்கிறாயா?” என்கிறார். நான் தடையாக இருக்கிறேனா, ஐயா?

பதில்: இல்லை அம்மா. மாற்கு 7-ஆம் அதிகாரத்தை அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். தகப்பனுக்கும் தாய்க்கும் செய்ய வேண்டிய உதவியை ‘கொர்பான்’, அதாவது காணிக்கை, என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை இயேசு கண்டித்த இடம் அது. அவருடைய தாயை நீங்கள் புரட்டிப் படுக்க வைக்கிறீர்கள், அவர் ஜெபக்கூட்டத்துக்கு நாற்காலி போடுகிறார். சீஷத்துவத்துக்கு விலை உண்டுதான். இந்த வீட்டில் அந்த விலையைக் கட்டுவது நீங்களும் பிள்ளைகளும், பாராட்டு மட்டும் அவருக்குப் போகிறது.

லேகியோன் என்ற பிசாசுக் கூட்டம் பிடித்திருந்த மனுஷனும் சுகமானபின் இயேசுவோடு படகில் ஏறத்தான் ஆசைப்பட்டான். அவர் விடவில்லை, ‘உன் வீட்டிற்குப்போய்’ சொல் என்றார் (மாற்கு 5:19). அவனை நன்றாக அறிந்தவர்கள் இருந்த இடம் அது. உங்கள் கணவருக்கும் மாலைகளில் சிலவற்றை வீட்டுக்குக் கொடுப்பதுதான் கடினமான ஊழியம் என்று நினைக்கிறேன். அங்கே யாரும் ‘பிரதர்’ என்று எழுந்து நிற்க மாட்டார்கள். உங்கள் போதகரிடமும் பேசுங்கள். விருப்பத்தோடு வருகிறவர் மேல் இன்னும் பாரம் ஏற்றுவது சபைகளின் வழக்கமான தவறு.

கேள்வி: உண்மையான சீஷன் எல்லாவற்றையும் விற்றுவிட வேண்டுமா?

பதில்: லூக்கா 18-இல் ஐசுவரியமுள்ள தலைவனிடம் எல்லாவற்றையும் விற்கச் சொன்னார் இயேசு. அடுத்த அதிகாரத்தில் வரி வசூலிக்கிற சகேயு ஆஸ்தியில் பாதியைத் தரித்திரருக்குத் தருவதாகவும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்புவதாகவும் சொன்னான். ‘மீதிப் பாதி எங்கே?’ என்று அவர் கேட்கவில்லை. அதனால் எல்லோருக்கும் ஒரே தொகை கிடையாது. ஆனால் சகேயு திருப்பித் தருவதையும் சேர்த்துச் சொன்னான் என்பதைக் கவனியுங்கள். விற்பதைப் பற்றி யோசிக்கும் முன், நீங்கள் யாருக்கு என்ன பாக்கி என்று எழுதிப் பாருங்கள். கடன் கொடுத்தவரைக் காக்க வைத்துவிட்டுக் காணிக்கை போட்டால், அது அவருடைய பணம்.