நாணய மேசை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பழம்பொருள் விற்பவர் ஒருவர் 1987ஆம் ஆண்டு இருபது காசைக் காட்டி, "டபுள் டை, 80 வெள்ளி" என்கிறார். ஆண்டு இலக்கங்களும் ‘சிங்கப்பூர்’ என்ற தமிழ் எழுத்துகளும் இரண்டிரண்டாகத் தெரிகின்றன. வாங்கலாமா? (வாசகர், ஈசூன்)

பதில்: அவசரப்பட்டுப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். இப்படி இரட்டையாகத் தெரிபவற்றில் பெரும்பாலானவை மெஷின் டபுளிங்தான். அதற்குத் தனி விலை கிடையாது.

டபுள் டையில் (இரட்டை அச்சு) பிழை, நாணயத்தை அடிக்கும் அச்சிலேயே இருக்கிறது. மூல உருவத்தை எஃகு அச்சில் பலமுறை அழுத்திப் பதிப்பது பழைய முறை. ஒருமுறை அழுத்தியதும் எஃகு இறுகிவிடும். சூடேற்றி இளக்கி மறுபடி அழுத்துவார்கள். அப்போது மயிரிழை விலகினாலும் அச்சில் இரண்டு உருவம் விழும். அந்த அச்சில் அடித்த எல்லா நாணயத்திலும் அதே இரட்டை, அதே இடத்தில் வரும். மெஷின் டபுளிங்கில் அச்சு சரியாகவே இருக்கிறது. பொருத்தியது தளர்ந்திருப்பதால், அடித்த கணத்தில் அச்சு துள்ளி, பதிந்த எழுத்தின் ஓரத்தைச் சீவிவிடுகிறது.

10 மடங்கு பூதக்கண்ணாடியும் ஒரேயொரு மேசை விளக்கும் போதும். ஒளி பக்கவாட்டில் விழட்டும். நாணயத்தை மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். ‘சிங்கப்பூர்’ என்பதில் மூன்று புள்ளிகள் உண்டு, அவற்றைப் பாருங்கள். டபுள் டை என்றால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இரண்டு குமிழ்கள் தெரியும். இரண்டும் உருண்டையாக, நடுவில் சிறு பள்ளத்தோடு இருக்கும். மெஷின் டபுளிங் என்றால் ஒரே குமிழ்தான். பக்கத்தில் வாசற்படிபோலத் தட்டையாக, தாழ்வாக ஒரு படி இருக்கும். சீவிய உலோகம் என்பதால் பளீரென்று மின்னும்.

அதே ஆண்டின் சாதாரண இருபது காசு ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். டபுள் டையில் எழுத்து வழக்கத்தைவிடத் தடித்திருக்கும். ஆங்கில எழுத்துகளின் முனை பிளந்திருக்கும். மெஷின் டபுளிங்கில் எழுத்து தன் சதையை இழந்து மெலிந்திருக்கும். நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

1969இல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்த அமெரிக்க ஒரு சென்ட்டில் இன்னொரு தடயமும் உண்டு. அந்தக் காலத்தில் ‘எஸ்’ என்ற குறியை, அதாவது நாணயம் அடித்த சாலையைக் காட்டும் எழுத்தை, பிறகு தனியாக அச்சில் குத்துவார்கள். அதனால் உண்மையான டபுள் டையில் ஆண்டு இரட்டையாக இருந்தாலும் ‘எஸ்’ ஒற்றையாகவே இருக்கும். ‘எஸ்’ஸும் சேர்ந்து படியாகச் சரிந்திருந்தால் அது மெஷின் டபுளிங்.

தேய்ந்த அச்சும் ஏமாற்றும். எழுத்தின் ஓரம் மங்கி, வீங்கினாற்போல் இருக்கும். பின்புலம் ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரக்கும். அதுவும் டபுள் டை அல்ல.

கேள்வி: எடை போட்டால் தெரியுமா? புளி போட்டுத் தேய்த்தால் தெளிவாகுமா? (வாசகி, தெம்பனிஸ்)

பதில்: எடையில் வித்தியாசமே வராது. புளி வேண்டவே வேண்டாம்! அமிலம் மேற்பரப்பை அரிக்கும். சீவிய இடத்தின் மினுமினுப்புதான் நம் சாட்சி, அது போய்விட்டால் யாராலும் முடிவு சொல்ல முடியாது. பிசுக்கு இருந்தால் சுத்தமான அசிட்டோனில் சில நிமிடம் ஊறவிட்டுத் தேய்க்காமல் உலரவிடுங்கள். அடுப்பு பக்கத்தில் வேண்டாம், சன்னல் திறந்திருக்கட்டும்.