அலாரத்தை அணைத்த கையோடு

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் படித்தேன். மகள் பி.எஸ்சி. முடித்து இரண்டு வருடம் ஆகிறது, அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 4 தேர்வுக்கு வீட்டிலிருந்தே படிக்கிறாள், விடிகாலை நாலரைக்கு எழுந்தும் விடுகிறாள், ஆனாலும் போன தடவை சில மதிப்பெண்ணில் தவறிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். "எழுந்ததும் போனைத்தான் நோண்டுகிறாள். கேட்டால் படிப்புக்குத்தான் என்கிறாள். பிடுங்கி வைத்துவிடலாமா?" என்று கேட்கிறீர்கள்.

பிடுங்க வேண்டாம். ஆனால் உங்கள் கவலை நியாயமானது. உங்கள் மகள் சொல்வதும் பொய்யில்லை. இந்த இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்க முடியும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் இதே தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெண் என்னிடம் வந்திருந்தாள். காலையில் எழுந்ததிலிருந்து புத்தகத்தைத் திறக்கும்வரை என்னென்ன செய்கிறாய் என்று ஒரு நாள் முழுக்கக் கவனித்து, நேரத்தோடு ஒரு தாளில் எழுதி வரச் சொன்னேன். அவள் எழுதி வந்தது இதுதான். 4:45-க்கு அலாரம். அணைத்த அதே திரையில் வாட்ஸ்அப்பில் மூன்று செய்திகள். ஒன்று குடும்பக் குரூப்பில் பெரியப்பா அனுப்பிய ரோஜாப்பூ காலை வணக்கம். இன்னொன்று படிப்புக் குரூப்பில் யாரோ ராத்திரி எழுதிய மாதிரித் தேர்வின் முடிவு, 200 கேள்விக்கு 171 சரி. அதைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தாள். அப்புறம் டெலிகிராமில் நடப்பு நிகழ்வுகள் பிடிஎஃப். இறக்கி வைத்தாள், படிக்கவில்லை. அப்புறம் அளவியல் கணக்கு வகுப்புக்காக யூடியூப். வகுப்பைத் தேடுவதற்குள் "குரூப் 4 காலியிடம் உயருமா?" என்று ஒரு வீடியோ. அது முடிந்ததும் "இந்த முறை கட் ஆஃப் எவ்வளவு?" என்று அடுத்தது. அம்மா காபி கொண்டுவந்து வைத்தபோது மணி 5:40. சமூக அறிவியல் புத்தகத்தைத் திறந்தது 5:55-க்கு.

"எல்லாமே படிப்பு சம்பந்தப்பட்டதுதான் மேடம், நான் ஒரு ரீல்ஸ்கூட பாக்கல" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. எழுதிப் பார்த்த பிறகுதான் அவளுக்கே தெரிந்திருக்கிறது. ஒரு மணி பத்து நிமிடம், வீணாக்குகிறோம் என்ற எண்ணமே இல்லாமல் போயிருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

போன நேரத்தைக்கூட விடுங்கள். அதைவிடப் பெரிய இழப்பு, 5:55-க்குப் புத்தகத்தைத் திறந்தபோது அவள் மனம் இருந்த நிலை. 171 வாங்கியது யார், காலியிடம் கூடுமா, கட் ஆஃப் ஏறுமா என்று மூன்று கேள்விகள் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்போது அரசியலமைப்புப் பிரிவுகள் எப்படி மனதில் நிற்கும்? ஒரு வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனால், முந்தையதன் மிச்சம் மனதில் ஒட்டிக்கொண்டு புதிய வேலையைக் கெடுக்கும் என்பதை சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் சோதனை செய்து எழுதினார். பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தேன், ஒன்றும் ஏறவில்லை என்று பிள்ளைகள் சொல்வார்களே, அதற்குப் பல நேரம் காரணம் இந்த மிச்சம்தான். பாடம் கடினம் என்றோ, தனக்கு மூளை இல்லை என்றோ நினைத்துக் குமைந்துவிடுகிறார்கள்.

விழித்த முதல் அரை மணி நேரம் எல்லோருக்கும் ஒரு மந்தம் இருக்கும். உடம்பு அந்த நேரத்தில்தான் கார்டிசால் சுரப்பைக் கூட்டி நம்மை மெல்ல மெல்ல வேலைக்குத் தயார்செய்கிறது. அந்த அரைத் தூக்கத்தில் எது கைக்கு வருகிறதோ அதன் பின்னால்தான் மனம் போகும். தலைமாட்டில் போன் இருந்தால் போன். புத்தகம் இருந்தால் புத்தகம். இதில் உங்கள் மகளின் ஒழுக்கக் குறை என்று எதுவும் இல்லை அம்மா. திரையில் கீழே இழுக்க இழுக்க முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கிறதே, அந்த அமைப்பை 2006-இல் உருவாக்கிய ஏசா ராஸ்கின் என்பவரே பின்னாளில் அதற்காக வருத்தப்பட்டார். நிறுத்தும் இடம் இல்லாத ஒன்றின் முன்னால் விடிந்தும் விடியாமலும் ஒரு பிள்ளையை உட்கார வைத்துவிட்டு, ஏன் நிறுத்தவில்லை என்று கேட்பது சரியில்லை.

சரி, என்ன செய்யலாம்?

போனை விடு என்று வெறுமனே சொன்னால் எந்தப் பிள்ளையாலும் விட முடியாது. ஏனென்றால் காலையில் அந்த போன் நிஜமாகவே பல வேலைகள் பார்க்கிறது. அதுதான் எழுப்புகிறது, மணி காட்டுகிறது. பாடமும் அதில், கேள்வித்தாளும் அதில், நடப்பு நிகழ்வும் அதில். எனவே நான் செய்யச் சொல்வது, அந்த வேலைகளை ஒவ்வொன்றாக அதனிடமிருந்து வாங்கி வேறொன்றிடம் கொடுப்பது. கொடுத்து முடித்த பிறகு காலையில் போனை எடுக்கக் காரணம் இருக்காது.

முதலில் அலாரம். ஒரு சாதாரண மேசைக் கடிகாரம் வாங்கிக் கொடுங்கள். கட்டிலிலிருந்து கை எட்டாத இடத்தில், எழுந்து நடந்துபோய் அணைக்கும் தூரத்தில் வையுங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே பாதி வேலை முடிந்தது. ஏனென்றால் சங்கிலியின் முதல் கண்ணி அலாரம்தான். அதை அணைக்கத்தான் கை போனுக்குப் போகிறது, மற்றதெல்லாம் அதன் பின்னால் வருகிறது.

அடுத்தது, என்ன படிப்பது என்ற தீர்மானம். இதை விடிகாலையில் எடுக்கவே கூடாது. முந்தின ராத்திரி ஒரு துண்டுச் சீட்டில் இரண்டே வரி எழுதச் சொல்லுங்கள். "பத்தாம் வகுப்பு சமூக அறிவியல், இந்திய அரசியலமைப்பு. அப்புறம் தனிவட்டி, கூட்டுவட்டி 20 கணக்கு." அந்தப் பக்கத்தைத் திறந்து, நடுவில் பேனாவை வைத்து, சீட்டை அதன்மேல் வைத்துவிட்டுப் படுக்கட்டும். காலையில் முகம் கழுவிவிட்டு வந்தால் உட்கார வேண்டியதுதான் பாக்கி.

புத்தகங்கள் கையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரைக்கும் சமச்சீர்ப் பாடநூல்கள்தான் இந்தத் தேர்வுக்கு அடித்தளம். பல பிள்ளைகள் அவற்றை போனில் பிடிஎஃப்பாகத்தான் வைத்திருக்கிறார்கள். அக்கம்பக்கத்தில் படித்து முடித்த பிள்ளைகளிடம் பழைய புத்தகம் கேட்டாலே கிடைக்கும். பழைய கேள்வித்தாள்களையும் விடைக்குறிப்புகளையும் தேர்வாணையம் தன் இணையதளத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது. ஜெராக்ஸ் கடையில் கொடுத்து நான்கைந்து வருடத் தாள்களை அச்செடுத்து, ஸ்பைரல் போட்டு வைத்துவிடுங்கள்.

நடப்பு நிகழ்வுக்கு ஏழு மணிக்கு வரும் பேப்பர் போதும். டெலிகிராமில் இறக்கிய பிடிஎஃப்களைத் திறந்தே பார்க்காத பிள்ளைகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். இறக்கி வைப்பதே படித்துவிட்ட மாதிரி ஒரு நிறைவைக் கொடுத்துவிடுகிறது.

யூடியூப் வகுப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோச்சிங் போக வசதியில்லாத எத்தனையோ பிள்ளைகளுக்கு அதுதான் ஆசிரியர். ஆனால் அது மாலை வேலை. வகுப்பைக் கேட்பது சுலபம், சோர்ந்த நேரத்திலும் முடியும். காலையின் புத்துணர்ச்சியைக் கணக்குப் போடவும், படித்ததைப் பார்க்காமல் எழுதிப் பார்க்கவும் செலவழிக்கட்டும். தேர்வில் கணக்குகள் வரும் திறனறிவுப் பகுதிக்கு 25 கேள்விகள் உண்டு. பயிற்சி செய்தால் நிச்சயமாகக் கிடைக்கும் மதிப்பெண் அது.

இனி, ராத்திரி போன் எங்கே தூங்குவது? சமையலறை மிக்ஸி பிளக் பக்கத்திலோ, ஹாலில் டிவிக்கு அருகிலோ சார்ஜில் போடட்டும். சைலண்டில் போட்டு மேசையிலேயே வைத்துக்கொள்கிறேன் என்பாள். 2017-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தவர்கள், பையில் வைத்தவர்கள், வேறு அறையில் விட்டு வந்தவர்கள் என்று பிரித்துச் சில தேர்வுகள் வைத்ததில், வேறு அறையில் விட்டவர்களே நன்றாகச் செய்தார்கள். பிறகு வந்த எல்லா ஆய்வுகளிலும் இதே முடிவு வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் என் அனுபவத்தில் வேறு அறை வேறு அறைதான். எழுந்து போய் எடுக்க வேண்டும் என்றால் பாதித் தடவை எடுப்பதில்லை.

ஒன்று முக்கியம். போனைக் கொண்டுபோய் வைப்பது அவள் கையாகவே இருக்க வேண்டும். 23 வயதுப் பெண்ணிடமிருந்து போனைப் பிடுங்கினால் அவள் மனம் போனில்தான் இருக்கும், கோபம் வேறு சேர்ந்துகொள்ளும். அது அங்கே சார்ஜில் இருக்கும் நேரத்தில் நீங்கள் திறந்து பார்க்கவும் கூடாது. பார்த்தீர்கள் என்று ஒரே ஒரு முறை தெரிந்தாலும் அடுத்த ராத்திரி போன் தலையணைக்கு அடியில்தான் இருக்கும்.

வீட்டில் மற்றவர்கள் செய்வதையும் சொல்ல வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பல வீடுகளில் பிள்ளை உள்ளே படிக்கும்போது அப்பா ஹாலில் சத்தமாக வீடியோ பார்த்துக்கொண்டிருப்பார், அம்மா சமையலறையில் ஸ்டேட்டஸ் தள்ளிக்கொண்டிருப்பார். அவள் எழுந்ததிலிருந்து காலைப் படிப்பு முடியும்வரை எல்லோர் போனும் ஒரே இடத்தில் இருக்கட்டும். அவசர அழைப்பு வந்தால் மணி அடிக்கும், யாராவது எடுக்கலாம். அவளுக்கு மட்டும் விதித்த தண்டனை என்ற எண்ணமும் வராது.

நாலரைக்கே எழ வேண்டும் என்ற கட்டாயத்தையும் கொஞ்சம் தளர்த்துங்கள். பன்னிரண்டு மணிக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தால் நாலரை மணி நேரத் தூக்கம்தான். அந்த வயதுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். தூக்கம் பற்றாத மூளை புத்தகத்தைப் பார்க்காது, சுலபமானதைத்தான் தேடும். பத்தரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுந்து, ஆறிலிருந்து எட்டுவரை முழு மனதோடு படித்தால் எனக்கு அது போதும். நான்கு மணிக்கு எழுபவர்கள்தான் ஜெயிப்பார்கள் என்று யாரோ சொல்லி, பிள்ளைகளை அரைத் தூக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள்.

இன்னொன்று, உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருந்த வரி. "கூடப் படித்தவர்கள் எல்லாம் வேலைக்குப் போய்விட்டார்கள், இவள் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை." அதை நான் மூன்று தடவை படித்தேன். வீட்டில் தனியாகப் படிக்கும் பெண்ணுக்கு போனில் இருக்கும் படிப்புக் குரூப்தான் வகுப்பறை, அதில் இருப்பவர்கள்தான் தோழிகள். காலையில் கண் விழித்ததும் அவள் அதைத் தேடுவது பாடத்துக்காக மட்டும் இல்லாமல் இருக்கலாம். தன்னைப்போலவே இன்னும் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள் என்ற தைரியத்துக்காகவும் இருக்கலாம். கட் ஆஃப் வீடியோவும் அப்படித்தான். "உனக்குக் கிடைத்துவிடும்" என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று பார்க்கிறாள். அதை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டால் அவள் தாங்கமாட்டாள்.

அந்த இடத்தில் ஆட்களைக் கொண்டுவாருங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று இலவசப் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. ஒரு நாள் அவளுடன் நீங்களே போய் விசாரித்துவிட்டு வாருங்கள். நேரில் நான்கு பேரைப் பார்த்துப் பேசி, சந்தேகம் கேட்டு வந்தாலே முகம் மாறும். காலைக் காபியைக் கொடுத்துவிட்டுப் போய்விடாமல் ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். எவ்வளவு முடித்தாய் என்று மட்டும் கேட்காதீர்கள். வேறு ஏதாவது பேசுங்கள். அவள் வாரக்கணக்காகச் சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அதைச் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணிலும் இலவசமாகப் பேசலாம்.

முதல் நான்கைந்து நாள் கஷ்டமாகத்தான் இருக்கும். கை தானாகத் தலைமாட்டைத் தடவும். ஏதோ முக்கியமான அறிவிப்பு வந்துவிட்டதோ என்று பதறும். தேர்வாணைய அறிவிப்பு எதுவும் காலை எட்டு மணிக்குப் பார்த்தால் கெட்டுப்போகாது என்று அவளிடம் சொல்லுங்கள். நடுவில் ஒரு நாள் போனை எடுத்துவிட்டாலும் பெரிதுபடுத்த வேண்டாம், அடுத்த நாள் தொடரட்டும்.

இவ்வளவு வலியுறுத்த எனக்கு இன்னொரு காரணம் உண்டு. குரூப் 4 தேர்வு காலை 9:30-க்குத் தொடங்கி 12:30-க்கு முடிகிறது. 200 கேள்விகள், 300 மதிப்பெண். கேள்விக்கு 54 விநாடி, வட்டத்தைக் கருமையாக்கும் நேரமும் அதற்குள்தான். ஒன்பது மணிக்குள் மையத்தில் இருக்க வேண்டும், போனுக்கு உள்ளே அனுமதி இல்லை. அப்படியானால் ஏறக்குறைய நான்கு மணி நேரம் போன் இல்லாமல், ஒரே இடத்தில், ஒரே வேலையில் மனம் நிற்க வேண்டும். 2024-இல் முதலில் அறிவித்த 6,244 இடங்களுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். இவ்வளவு நெருக்கமான போட்டியில், நூறாவது கேள்விக்குப் பிறகு கவனம் சிதறி நான்கு கேள்வியைத் தவறவிட்டால் ஆறு மதிப்பெண் போய்விடும். உங்கள் மகள் போன தடவை தவறியதும் இதுபோன்ற சில மதிப்பெண்ணில்தானே?

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒன்று செய்யுங்கள். எட்டரைக்கு போனை அணைத்து உங்கள் பீரோவில் அவளே வைக்கட்டும். 9:30-க்கு ஒரு பழைய கேள்வித்தாள், விடைக்கான வட்டங்கள் அச்சிட்ட, கடையில் வாங்கிய ஓஎம்ஆர் தாள், கறுப்புப் பேனா. 12:30 வரை எழுந்திருக்காமல் எழுதட்டும். எத்தனை மணிக்கு ஐம்பதாவது கேள்வி, எத்தனை மணிக்கு நூறாவது, நூற்றைம்பதாவது என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூன்று வாரம் காலைகளை நான் சொன்ன மாதிரி நடத்திவிட்டு, இன்னொரு ஞாயிறு வேறொரு வருடத்துத் தாளை இதேபோல எழுதட்டும். அப்புறம் இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். எந்தக் கேள்விக்குப் பிறகு தடுமாறியிருக்கிறாள் என்று மூன்று பேருமாக உட்கார்ந்து பார்ப்போம்.