ஊர் மாறும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பள்ளிகள் திறப்பதற்கு முந்தைய மாதங்களில் வரும் கடிதங்கள் பெரும்பாலும் ஊர் மாறுவதைப் பற்றியே இருக்கின்றன. வந்தவற்றில் பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

மதுரையில் பெற்றோருடன் இருக்கிறேன், சம்பளம் 40,000. பெங்களூரில் 60,000 தருவதாகச் சொல்கிறார்கள். போகலாமா? (வாசகர், மதுரை)

கூடுதலாகக் கிடைக்கும் 20,000 ரூபாய் உங்கள் கையில் நிற்காது. அலுவலகத்துக்கு அருகில் ஒற்றைப் படுக்கையறை வீடு வேண்டுமென்றால் வாடகையே ஏறக்குறைய அந்தத் தொகையை விழுங்கிவிடும். சாப்பாடு, போக்குவரத்து, மாதம் ஒருமுறை ஊருக்கு வந்துபோகும் செலவு எல்லாம் அதற்கு மேல்தான். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு வீட்டு வாடகைப் படிக்கு வரிவிலக்கு கிடையாது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகவே இப்போது செய்யும் அதே வேலைக்காகப் போவதில் பொருளில்லை. மதுரையில் கற்றுக்கொள்ள வாய்ப்பில்லாத வேலை அங்கே கிடைக்குமென்றால், சேமிப்பை மறந்துவிட்டு இரண்டு ஆண்டுகள் போய் வாருங்கள். இளம் வயதென்றால் அது நல்ல முடிவு. எந்த வேலை, எந்தத் துறை என்று நீங்கள் எழுதவே இல்லை. எழுதியிருந்தால் இன்னும் தெளிவாகச் சொல்லியிருப்பேன்.

சென்னை நல்லதா, கோவை நல்லதா? (பெயர், ஊர் குறிப்பிடாத வாசகர்)

யாருக்கு? வயது, தொழில், வருமானம், பிள்ளைகளின் படிப்பு, உடன் வரும் பெரியவர்களின் உடல்நிலை ஆகிய ஐந்தையும் எழுதாமல் இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் தங்கள் நேரத்தையும் என் நேரத்தையும் வீணாக்குகிறார்கள்.

ஓய்வு பெற்றுவிட்டோம். முகப்பேரில் உள்ள வீட்டை விற்றுவிட்டுச் சொந்த ஊரான கும்பகோணத்தில் வீடு வாங்கிக் குடியேற விரும்புகிறோம். கணவருக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. (வாசகி, சென்னை)

உடனே விற்காதீர்கள். முகப்பேர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, கும்பகோணத்தில் ஆறு மாதம் வாடகை வீட்டில் இருந்து பாருங்கள். இருந்து பார்க்காமல் விற்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விற்ற நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கினால் மூலதன ஆதாயத்துக்கு, அதாவது விற்றதில் வந்த லாபத்துக்கு, வரிவிலக்கு கிடைக்கும்; புதிதாகக் கட்டுவதென்றால் மூன்று ஆண்டு. அந்தக் கெடு நெருங்க நெருங்க, பிடிக்காத தெருவிலும் வில்லங்கம் சரியாகப் பார்க்காத வீட்டிலும் பணத்தைப் போட்டுவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள். வாங்குவது தள்ளிப்போனால், வரிக் கணக்கைத் தாக்கல் செய்வதற்குள் தொகையை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டுவைக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

உங்கள் விஷயத்தில் வரியைவிடப் பெரியது மருத்துவம். நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தால், ஆஞ்சியோ செய்யும் வசதியுள்ள மருத்துவமனைக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர முடியுமா, தஞ்சாவூருக்கு ஓட வேண்டியிருந்தால் சுமார் 40 கிலோமீட்டருக்கு அந்த நேரத்தில் வண்டி யார் எடுப்பார்கள் என்பதை ஆறு மாதம் அங்கே இருக்கும்போதே விசாரித்து முடிவு செய்யுங்கள். கோயிலும் காவிரியும் உறவினர்களும் மனத்துக்குத் தரும் நிறைவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அது உண்மையான ஆதாயம்தான். இந்த ஒரு கேள்விக்குத் திருப்தியான பதில் கிடைத்துவிட்டால் தாராளமாகப் போங்கள்.

திருச்சியிலிருந்து சென்னைக்கு மாறுகிறோம். வாடகை 20,000, அட்வான்ஸ் பத்து மாதம். "நம்பிக்கைதான், அக்ரிமென்ட் எதற்கு" என்கிறார் வீட்டுக்காரர். கொடுக்கலாமா? (வாசகர், திருச்சி)

கொடுக்கக் கூடாது. நம்பிக்கை இருக்கிறதென்றால் அதை எழுதிக் கையெழுத்துப் போடுவதில் அவருக்கு என்ன சிரமம்? தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. முன்பணத்துக்கு அது வைத்திருக்கும் அளவு மூன்று மாத வாடகைதான். "மாறாக ஒப்பந்தம் இருந்தாலன்றி" என்று ஒரு வாசகத்தையும் அதில் சேர்த்துவிட்டதால் பத்து மாத வழக்கம் இன்னும் ஓயவில்லை. இத்தனை ஆண்டுகளாகியும், ஒரு நடுத்தரக் குடும்பம் சென்னைக்கு வந்து சேர நகையை அடகு வைக்க வேண்டியிருப்பது எனக்கு இன்றும் பொறுக்க முடியாததாகவே இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். இரண்டு லட்சம் ரூபாய்க்கு ஏழு சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 14,000. அதாவது மாதம் ஏறத்தாழ 1,200. உங்கள் உண்மையான வாடகை 20,000 இல்லை, 21,200. காலி செய்யும்போது பெயிண்டிங் என்று சொல்லி ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள். நான்கு ஆண்டு இருந்தாலும் பதினோரு மாதம் இருந்தாலும் அதே தொகைதான். சுவருக்கு வண்ணம் அடிக்கிறார்களா என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. "அடுத்து குடிவருபவர் அட்வான்ஸ் கொடுத்ததும் தருகிறேன்" என்பது வட்டிக்கும் பெயிண்டிங்குக்கும் அடுத்த மூன்றாவது இழப்பு. இந்தப் பக்கத்துக்கு மிக அதிகமாக வரும் புகார் இதுதான். பழைய வீட்டுப் பணம் கைக்கு வராமல் புதிய வீட்டுக்குக் கட்ட முடியாமல் தவிக்கும் குடும்பங்களின் கடிதங்கள் மாதந்தோறும் வருகின்றன.

எனவே பேரம் பேசுங்கள். மூன்று மாதத்தில் தொடங்குங்கள். ஐந்துக்கு மேல் போகாதீர்கள். தொகையை வங்கி வழியாக மட்டுமே அனுப்புங்கள். ரொக்கமாகக் கொடுத்துவிட்டு ரசீது இல்லாமல் நிற்பவர்களுக்கு என்னால் உதவ முடியாது. காலி செய்யும்போது சாவியும் அட்வான்ஸும் ஒரே நாளில் கைமாற வேண்டும், பெயிண்டிங்குக்கு இவ்வளவுதான் என்ற இரண்டு வரிகளும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். சாமான் இறக்குவதற்கு முன் சுவர், சுவிட்ச் போர்டு, குழாய், கீசர், கதவுத் தாழ்ப்பாள் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து அன்றே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். மின்சாரத்துக்குத் தனி மீட்டர் இருக்கிறதா, கட்டணத்தை இ.பி.யில் நீங்களே கட்டலாமா என்றும் கேளுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும் 100 யூனிட் சலுகையை வீட்டுக்காரரே வைத்துக்கொண்டு, உங்களிடம் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் வீடுகள் ஏராளம். இவற்றுக்கெல்லாம் ஒப்புக்கொள்ளாதவர் வீட்டை விட்டுவிட்டு வேறு வீடு பாருங்கள். சென்னையில் வீடுகளுக்குப் பஞ்சமில்லை.

கணவருக்குப் பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை கிடைத்திருக்கிறது. மகள் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி மாற்றினால் படிப்பு கெடுமா? (வாசகி, தருமபுரி)

படிப்பு கெடாது, உரிமை கெடும். ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் ஏறக்குறைய அதே நிபந்தனைதான். நடுவில் கர்நாடகப் பள்ளிக்குப் போய்விட்டால் இவை கைவிட்டுப் போகும். புதிதாகக் கன்னடமும் படிக்க வேண்டும். நீங்கள் ஓசூரில் குடியிருங்கள். எலக்ட்ரானிக் சிட்டி அங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர்; அத்திப்பள்ளி நெரிசலில் கணவருக்குக் காலையும் மாலையும் அலைச்சல் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் மகள் தமிழ்நாட்டிலேயே இருப்பாள், வாடகையும் மிகவும் குறையும். இங்கும் சொல்கிறேன்: முதலில் வாடகை, பிறகுதான் வாங்குவது.

ஏப்ரலில் பார்த்தோம், சென்னையில் பள்ளிக்கரணை அருகே வீடு மலிவாக வருகிறது. வாங்கலாமா? (வாசகர், சேலம்)

நவம்பரில் போய்ப் பாருங்கள். 2015-லும் 2023 டிசம்பரிலும் வந்த வெள்ளத்தில் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று தரகரிடம் கேட்காமல், முனையில் உள்ள மளிகைக்கடைக்காரரிடம் கேளுங்கள். கோடையில் சென்னையில் வீடு பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள் என்று எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது.

தமிழ்நாட்டுப் பதிவெண் உள்ள பைக்கை ஐதராபாத்துக்குக் கொண்டுபோகலாமா? (வாசகர், ஈரோடு)

கொண்டுபோகலாம், பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அங்கேயே வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும். அதற்கு இங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். கடன் பாக்கி இருந்தால் வங்கியின் சான்றும் தேவை. அங்கே வரி கட்டிய பிறகு இங்கே மீதி வரியைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் அலைச்சல் அதிகம். பத்து ஆண்டுப் பழைய வண்டியென்றால் ஈரோட்டிலேயே விற்றுவிட்டுப் போங்கள்.

ஒரே மாநிலத்துக்குள் மாறினால் வாக்காளர் பட்டியலில் பெயரை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்க வேண்டுமா? (வாசகர், விருதுநகர்)

வேண்டாம். முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8 ஒன்றே போதும்.