குளோரோபோமை மயக்க மருந்தாகப் பயன்படுத்துவதை ஏன் நிறுத்தினார்கள்? இப்போது அது எதற்கு உதவுகிறது?

தலவாக்கலைப் பக்கம் ஒரு பாடசாலையில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் கற்பிக்கிறேன். குளோரோபோமை நான் முதன்முதலில் பார்த்தது மாணவனாக இருந்தபோது, எங்கள் சேர் தேயிலைத் தூளில் இருந்து கஃபீன் எடுத்துக் காட்டிய அன்று. தூளோடு சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்து, வடித்து, ஆறிய சாயத்தைப் பிரிபுனலில் ஊற்றிக் குளோரோபோம் சேர்த்தார். தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் அது அடியில் போய் நின்றது. சோடா, தேயிலைக்குத் துவர்ப்புத் தரும் தனின்களைத் தண்ணீரிலேயே பிடித்துவைக்கும். கஃபீன் குளோரோபோமில் கரைந்து கீழே இறங்கிவிடும். மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துத்தான் கலக்க வேண்டும். வேகமாகக் குலுக்கினால் பால் போலக் கலங்கி, லேசில் பிரியாது. கீழ்ப்படை ஆவியானதும் கிண்ணத்தில் வெள்ளையாய்ப் படிந்திருந்தது. அம்மா தினமும் பறிக்கும் கொழுந்துக்குள் இதுவா இருந்தது என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கொழுப்பு, மெழுகு, அல்கலொயிட்டு (கஃபீன் போலத் தாவரங்களில் இருக்கும் சேர்வைகள்) என்று பலவற்றைக் குளோரோபோம் இப்படிக் கரைத்து எடுக்கும். தொழிற்சாலைகளில் இன்று பெரும்பாலும் குளிரூட்டி வாயுவும் டெஃப்லோனும் செய்யத்தான் போகிறது.

சரி, மயக்க மருந்துக்கு வருவோம். 1831ஐ ஒட்டி அமெரிக்காவில் கத்ரி, பிரான்ஸில் சூபெரான், ஜெர்மனியில் லீபிக் என மூவர் தனித்தனியே இதைத் தயாரித்தார்கள். 1847 நவம்பரில் எடின்பரோ மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்சன் தன் வீட்டில் நண்பர்களோடு முகர்ந்து பார்த்து, உடனே பிரசவங்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார். (அப்போது நம் மலைகளில் கோப்பிதான்; தேயிலைத் தோட்டம் வர இன்னும் 20 வருடம்.) அதற்கு முன் மயக்கத்துக்குக் கொடுத்துவந்த ஈதர் சட்டென்று தீப்பிடிக்கும், இது பிடிக்காது, மணமும் இனிப்பு. 1853இல் விக்டோரியா ராணியே பிரசவத்துக்கு எடுத்துக்கொண்டார்.

ஆனால் 1848 ஜனவரியிலேயே ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பிள்ளை, கால்விரல் நகம் எடுக்கப் போன இடத்தில், இதை முகர்ந்த சில நிமிடங்களில் இறந்துபோனாள். தூங்கவைக்கும் அளவுக்கும் இதயத்தை நிறுத்தும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. ஈரலையும் கெடுக்கும். பாதுகாப்பான மருந்துகள் வந்ததும் கைவிட்டார்கள்.

வெளிச்சமும் காற்றும் பட்டால் இது பொஸ்ஜீனாக மாறும். முதலாம் உலகப் போரில் ஆட்களைக் கொன்ற அதே வாயு. அதனால்தான் கொஞ்சம் எதனோல் சேர்த்து, கபில நிறப் போத்தலில் வைக்கிறார்கள். நான் முன்பு கற்பித்த ஓரிடத்தில் யாரோ இதை நிறமில்லாத கண்ணாடிப் போத்தலில் ஊற்றி யன்னலோரம் வைத்திருந்தார்கள். அன்று பிள்ளைகள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டேன். இப்போது கஃபீன் பாடத்துக்கு டைகுளோரோமீதேன் என்ற வேறொரு கரைப்பானைத்தான் பயன்படுத்துகிறேன், அதுவும் யன்னல்களை அகலத் திறந்துவைத்து.